‘ஆங்கிலம் தெரியும்’ என்ற ஒரு வரிக்காக

ஆண்டவருக்குள்ளை என்ரை சகோதரங்களே,

சாட்சி சொல்ல எழும்புற ஆக்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வாறது. இவைக்கு மட்டும் கடவுள் கேட்டதெல்லாம் குடுக்கிறார், எங்கடை வீட்டுக்கு அவருக்கு வழி தெரியாதோ எண்டு கடைசி வாங்கிலை இருந்து நினைச்சிருக்கிறன். அதாலை இண்டைக்கு என்னைப் பாத்து ஆரும் அப்பிடி நினைச்சால் நான் கோவிக்க மாட்டன்.

நான் சொல்லப் போறது முழுக்கச் சந்தோசமான கதை இல்லை. கேட்டது கிடைச்சது. கிடைச்ச விதம் இன்னும் கசக்குது. ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவன். அம்மாவிட்டைக் கேட்டிட்டுத்தான் வந்தனான். “சொல்லு” எண்டு மட்டும் சொன்னவ.

என்ரை பேர் நிறோஷா. நாரந்தனையிலை சவரிமுத்துவின்ரை மகள் எண்டால் உங்களிலை பாதிப் பேருக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முந்திக் கடலுக்குப் போய்த் திரும்பி வராத சவரிமுத்து. நான் அவருக்கு ஒரே பிள்ளை. கொழும்புக்குக் கிட்ட ஒரு பறப்புப் பள்ளியிலை படிச்சு, சின்ன விமானம் ஓட்டுற தனியார் விமானி லைசென்ஸ் எடுத்தனான். “தேப்பன் கடலிலை, மகள் வானத்திலை, தாய் மட்டும் தரையிலை” எண்டு ஊரிலை சொல்லுவினம். பகிடிக்குச் சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

லைசென்ஸ் எடுத்தனான் எண்ட உடனை எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. எழுத்துச் சோதினை பாஸ். விமானம் ஓட்டிக் காட்டுற சோதினையும் பாஸ். ஆனால் லைசென்ஸிலை இன்னும் ஒரு வரி ஏற வேணும். இந்த ஆளுக்கு ஆங்கிலம் இந்த மட்டத்திலை தெரியும் எண்ட வரி. வானத்திலை இருந்து தரையோடை கதைக்கிறது முழுக்க ஆங்கிலத்திலை. அந்த வரி இல்லாட்டில் றேடியோவிலை கதைக்க ஏலாது, தனியப் பறக்க ஏலாது. லைசென்ஸ் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பாக்கிற காகிதம், அவ்வளவுதான்.

அந்த மட்டம் ஒண்டிலையிருந்து ஆறு வரைக்கும் இருக்குது. ஆகக் குறைஞ்சது நாலு வேணும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், தடங்கல் இல்லாமல் கதைக்கிறது, கேட்டு விளங்குறது, பதில் குடுக்கிற விதம் எண்டு ஆறு விசயத்துக்குத் தனித்தனியப் புள்ளி போடுவினம். ஆறிலையும் எது குறைவோ அதுதான் உங்கடை மட்டம். அஞ்சிலை நாலு எடுத்து ஒண்டிலை மூண்டு எடுத்தால் நீங்கள் மூண்டுதான். சராசரி பாக்கிறதில்லை.

நான் ரெண்டு தரம் மூண்டு எடுத்தனான்.

எனக்கு ஆங்கிலம் தெரியாதெண்டில்லை. பிழை விடுவன், ஆனால் கதைப்பன். ஒலிப்பதிவு போட்டுக் கேட்ட கேள்வியெல்லாம் செய்தனான். பேந்து சோதினைகாரரோடை நேரை இருந்து கதைக்கிற பகுதி. அவர் வேலையிலையிருந்து ஓய்வு எடுத்த ஒரு விமானி. தலை முழுக்க நரை, குரல் சரியான அமைதி. அதிலை ஒரு கேள்வி வரும். பேச்சு விளங்காமல் போய் ஆபத்து வந்ததை நீர் கண்டிருக்கிறீரோ, அதைப் பற்றிச் சொல்லும் எண்டு. எல்லாரிட்டையும் கேக்கிற சாதாரணக் கேள்வி. என்னோடை படிச்சவை எங்கையோ வாசிச்ச விபத்துக் கதையைச் சொல்லிப்போட்டு வந்திட்டினம்.

எனக்கு அந்த இடத்திலை வாய் பூட்டிப் போகும். நாக்கு மேலண்ணத்திலை ஒட்டிப்பிடிச்சிடும். முதல்தரம் ஒரு நிமிசம்போலை பேசாமல் இருந்தன். ரெண்டாந்தரம் ஒரு கதையைப் பாடமாக்கிக்கொண்டு போனனான். அதின்ரை முதல் வசனம்கூட வரேல்லை. சோதினைகாரர் தண்ணிக் கிளாசை எனக்குக் கிட்டத் தள்ளி வைச்சார். அந்த ஆளிலை எனக்குக் கோவம் இல்லை. கேள்வியிலை ஒரு பிழையும் இல்லை. பதில்தான் எனக்குக் கனக்கத் தெரிஞ்சிருந்தது.

அதை நான் ஏழு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனான்.

அது கார்த்திகை மாதம். உயர்தரம் எழுதிப்போட்டு முடிவு வருமட்டும் நான் வீட்டிலை நிண்ட காலம். அப்பா விடியமுன்னம் தனியப் போட்டிலை கடலுக்குப் போனவர். எட்டு மணிக்குக் கரைக்கு வந்திருக்க வேணும். ஒன்பது மணிக்கு வாடைக்காத்து எழும்பி, முத்தத்திலை நிண்ட முருங்கை முறிஞ்சு விழுந்தது. அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடீட்டா. நான் போனுக்குப் பக்கத்திலை இருந்தனான்.

பத்து மணிபோலை அப்பா எடுத்தவர். இஞ்சின் நிண்டு போச்சு, தண்ணி ஏறுது எண்டார். அவர் பதறேல்லை. மீன் என்ன விலை போகுது எண்டு கேக்கிற குரல்தான். கையிலை வைச்சிருந்த ஜி.பி.எஸ்ஸைப் பாத்து இடத்தைச் சொன்னார்.

“ஒன்பது, ஐம்பது. எழுபத்தொன்பது, நாப்பத்தைஞ்சு. எழுதினனியோ பிள்ளை?”

“ஓம் அப்பா.”

“திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னன். சரி எண்டார். உடனை அறிவி எண்டார். அவ்வளவுதான். பேந்து நான் எடுத்த நேரமெல்லாம் அந்தப் போன் வேலை செய்யேல்லை.

எங்கடை ஆக்கள் ரெண்டு போட்டை இறக்கினவை. அலை அவையைத் திருப்பித் திருப்பிக் கரையிலை கொண்டுவந்து போட்டுது. பெரிய கப்பல் இருக்கிற ஆக்கள்தான் போக ஏலும். நான் கடற்படையின்ரை அவசர இலக்கத்துக்கு எடுத்தன். மற்றப் பக்கத்திலை ஒரு பெடியன் சிங்களத்திலை கதைச்சான். எனக்கு விளங்கேல்லை. அவனுக்குத் தமிழ் விளங்கேல்லை. ரெண்டு பேரும் ஆங்கிலத்துக்கு வந்தம். அவனுக்கும் எனக்கும் இருந்த ஆங்கிலம் ஒரே அளவுதான் எண்டு நினைக்கிறன். “நைன் ஃபிஃப்ரி” எண்டு சொன்னன். காத்துச் சத்தம், லைன் கரகரக்குது, எனக்கு அழுகை. அவன் “ஓகே, ஓகே, வீ கோ” எண்டான். அன்பாத்தான் சொன்னான்.

அப்பா என்னைத் திருப்பிச் சொல்ல வைச்சவர். நான் அவனைத் திருப்பிச் சொல்ல வைக்கேல்லை.

நாலு நாள் தேடினவை. அப்பாவும் கிடைக்கேல்லை, போட்டும் கிடைக்கேல்லை. அஞ்சாம் நாள் அங்கையிருந்து ஒருத்தர் வீட்டை வந்து ஒரு படிவத்தை நீட்டினார். உறவினர் ஒப்பம் வைக்க வேணுமாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் வாசிச்சன். தேடின இடம் எண்ட கோட்டிலை ஒன்பது, பதினைஞ்சு எண்டு போட்டிருந்தது.

ஃபிஃப்ரி எண்டு நான் சொன்னது அவனுக்கு ஃபிஃப்ரீன் எண்டு கேட்டிருக்குது. ஐம்பது பதினைஞ்சாப் போச்சு. அப்பா வடக்கிலை கிடந்தார். அவையள் நெடுந்தீவுக்கும் அங்காலை தெற்கை தேடியிருக்கினம். நாலு நாளும் அந்தக் காத்துக்குள்ளை, ஒருத்தரும் இல்லாத கடலிலை, விடாமல் தேடியிருக்கினம்.

“என்னவாம்?” எண்டு அம்மா கேட்டா.

“தேடினவையாம். கிடைக்கேல்லையாம்” எண்டு சொல்லிப்போட்டு ஒப்பம் வைச்சன். ஒப்பம் நேரா, வடிவா விழுந்தது. அதை நினைக்கேக்கைதான் எனக்கு இப்பவும் என்னைப் பிடிக்கிறேல்லை.

கரையிலை நிண்ட சனம் அம்மாவுக்கு வேறை கதை சொன்னது. நாலு நாளும் நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள், வடக்கை ஒரு கப்பலும் போகேல்லை, அவையள் தேடவே இல்லை எண்டு. அவை பொய் சொல்லேல்லை. வடக்கை ஒருத்தரும் போகேல்லைத்தான். அம்மா அதை நம்பினா. நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன்.

விமானம் ஓட்ட ஏன் போனனான் எண்டு ஆரும் கேட்டால், சின்ன வயசு ஆசை எண்டு சொல்லுவன். பொய். மேலையிருந்து பாத்திருந்தால் எந்த இலக்கமும் இல்லாமல் அப்பாவைக் கண்டிருப்பினம் எண்ட ஒரே நினைப்புத்தான். பாரிசிலை இருக்கிற மாமாவிட்டைப் படிக்கக் காசு கேட்டன். மருமகள் விமானி எண்டு அங்கை சொல்லித் திரியிறதுக்காக அவர் ஓம் எண்டார்.

பள்ளியிலை முதல் கிழமை என்ன படிப்பிச்சினம் தெரியுமோ? இலக்கம் சொல்ல. றேடியோவிலை ஐம்பதை ஃபிஃப்ரி எண்டு சொல்லப்படாது. ஃபைவ், சீரோ. பதினைஞ்சை வன், ஃபைவ். ஒவ்வொரு இலக்கமாப் பிரிச்சுச் சொல்ல வேணும். ஏனெண்டால் ஃபிஃப்ரியும் ஃபிஃப்ரீனும் இரைச்சலுக்குள்ளை ஒரே மாதிரிக் கேக்குமாம். கேட்ட ஆள் திருப்பிச் சொல்ல வேணும், சொன்ன ஆள் சரி எண்ட வேணும். இது உலகம் முழுக்கத் தெரிஞ்ச விசயமாம். வகுப்பிலை எல்லாரும் கொப்பியிலை எழுதிச்சினம். நான் எழும்பிக் கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிண்டன். உலகம் முழுக்கத் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாமல் போச்சு.

அடுத்த மாதம் திசை பாக்கிற பாடம். வடக்குத் தெற்காப் பாத்தால் வரைபடத்திலை ஒரு கலை, அதாவது ஒரு பாகையை அறுபதாப் பிரிச்சால் வாற ஒரு பங்கு, ஒரு கடல்மைல் எண்டு சொல்லித் தந்தினம். ஐம்பது கலையிலையிருந்து பதினைஞ்சைக் கழிச்சால் முப்பத்தைஞ்சு. நான் சொன்ன ஒரு சொல்லின்ரை தூரம் முப்பத்தைஞ்சு கடல்மைல்.

இதுக்குப் பிறகு சோதினை அறையிலை என்ரை வாய் ஏன் பூட்டிப் போனது எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரெண்டாந்தரம் பெயிலான உடனை மாமா எடுத்தார். ஆங்கிலமே வராத உனக்கு ஏன் விமானம், ஊருக்குப் போய்க் கலியாணத்தைக் கட்டு எண்டார். பள்ளியிலையும் சொல்லிப்போட்டினம், ஓட்டிக் காட்டின சோதினை குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், அதுக்குள்ளை அந்த வரி ஏறாட்டில் எல்லாத்தையும் திரும்பச் செய்ய வேணும் எண்டு. மூண்டாந்தரத்துக்கு நாள் குறிச்சாச்சு. இன்னும் மூண்டு கிழமை. அதுக்கிடையிலை அப்பாவின்ரை ஏழாவது வருஷ நினைவுப் பூசை வந்தது. ஊருக்கு வந்தன்.

பூசைக்கு முதல்நாள் மத்தியானம் கோவிலுக்குத் தனியப் போனன். ஏழு வருஷமா நான் பூசைக்குப் போனனான், மனசோடை செபம் சொன்னதில்லை. வாய் அசையும், அவ்வளவுதான். அண்டைக்கு அந்த நேரம் ஒருத்தரும் இல்லை. பீடத்துக்கு முன்னாலை முழந்தாளிலை இருக்கேல்லை. நிண்டன். நிண்டுகொண்டு சொன்னன்.

“அப்பாவைக் கேட்டனான். நீர் தரேல்லை. சடலத்தையாவது கேட்டனான். அதையும் தரேல்லை. இனி உம்மிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு இருந்தனான். இப்ப ஒண்டு கேக்கிறன். என்ரை வாயைத் திறவும். ஒரு வரிக்காக. அதுவும் தர ஏலாட்டில் சொல்லும், நான் உம்மை விட்டிடுறன்.”

இப்பிடியும் ஆரும் செபிப்பினமோ எண்டு கேப்பீங்கள். நான் செபிச்சனான். கண்ணீரும் வரேல்லை. வெளியிலை வந்து செருப்பைப் போடேக்கை, பாழாப்போன வேலை பாத்தன் எண்டுதான் நினைச்சன்.

அடுத்தநாள் காலமைப் பூசை. மன்றாட்டு நேரம் அம்மா எழும்பிப் போய் ஒலிவாங்கிக்கு முன்னாலை நிண்டா. ஒவ்வொரு வருஷமும் அவ சொல்லுற மன்றாட்டுத்தான். “கடலில் மரித்த எனது கணவர் சவரிமுத்துவின் ஆன்மாவுக்காகவும், அவரைத் தேடாமல் கைவிட்டவர்களுக்கு ஆண்டவரே நீரே நீதி வழங்க வேண்டுமென்றும் மன்றாடுகிறோம்.” கோவில் முழுக்க “ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” எண்டது. ஆறு வருஷம் நானும் சொன்னனான்.

அண்டைக்கு எனக்கு அது வரேல்லை. வாய் பூட்டிப் போச்சு. சோதினை அறையிலை பூட்டின அதே மாதிரி. வாயைத் திறவும் எண்டு கேட்டனான், அவர் இன்னும் இறுக்கிப் பூட்டிவிட்டார் எண்டு நினைச்சன். பேந்துதான் விளங்கினது. அந்தப் பொய்யை இனி நான் சொல்லாமல் இருக்கத்தான் பூட்டினவர்.

வீட்டை வந்து அம்மா குசினியிலை ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் வாசல் நிலையிலை நிண்டன். உள்ளுக்குப் போகத் துணிவில்லை.

“அம்மா, அவையள் தேடினவை.”

அவ நிமிரேல்லை.

“நான் சொன்ன இடத்திலை தேடினவை. நான் சொன்னது அவைக்குப் பிழையாக் கேட்டது. ஐம்பது எண்டு சொன்னனான், பதினைஞ்சு எண்டு எழுதியிருந்தினம். அந்தப் படிவத்திலை கண்டனான். கண்டும் ஒப்பம் வைச்சனான்.”

கத்தி நிண்டுது. அவ அழுவா, அடிப்பா எண்டு நினைச்சன். அப்பாவைப் பற்றி ஏதும் கேப்பா எண்டு நினைச்சன். அவ கேக்கேல்லை.

“ஏழு வருஷமா அந்தப் பிள்ளையளை நான் சபிச்சனான்” எண்டா. “பீடத்துக்கு முன்னாலை நிண்டு சபிச்சனான். நீ பக்கத்திலை நிண்டு ‘மன்றாட்டைக் கேட்டருளும்’ எண்டு சொன்னனி.”

மீனை வெட்டி முடிச்சா. கறி வைச்சா. எனக்குச் சோத்தைப் போட்டு வைச்சிட்டு அறைக்குள்ளை போய்ட்டா. பின்னேரம் நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடேக்கையும் அறைக் கதவு சாத்தித்தான் கிடந்தது. “போட்டு வாறன்” எண்டு கதவுக்குச் சொல்லிப்போட்டு வந்தன்.

பதினொரு நாளாகியும் அம்மா என்னோடை கதைக்கேல்லை. நான் எடுப்பன், அடிச்சு அடிச்சு நிண்டிடும். அந்தப் பதினொரு நாளும் நான் பட்ட பாடு அப்பா போன நாலு நாளிலும் படேல்லை. தகப்பனைத் தொலைச்சது காணாதெண்டு தாயையும் தொலைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். ஆண்டவரோடையும் கதைக்கேல்லை. இதுதானோ உம்முடைய பதில் எண்டு ஒருக்காக் கேட்டதோடை சரி.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. மத்தியானம் பக்கத்து வீட்டு றீற்றா அக்கா போன் எடுத்தா. உன்ரை அம்மாவுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா. “ஏனக்கா?” எண்டன்.

காலமைப் பூசையிலை மன்றாட்டு நேரம் அம்மா கேளாமலே எழும்பிப் போனவவாம். கையிலை கடதாசி ஒண்டும் இல்லையாம். அண்டைக்கு அந்தக் காத்துக்குள்ளை தன்ரை கணவனைத் தேடிப் போன பிள்ளையளுக்காகவும், அவையின்ரை தாய்மாருக்காகவும், தான் அவையைப் பற்றி ஏழு வருஷம் சொன்னதுக்காகவும் மன்றாடினவவாம். சனம் பதில் சொல்ல மறந்து நிண்டதாம். பேந்து ரெண்டு மூண்டு பேர் சொல்ல, மற்றவை சேர்ந்தவையாம்.

“விசர் கிசர் பிடிச்சிட்டுதோ எண்டு பயந்திட்டன் பிள்ளை” எண்டா றீற்றா அக்கா.

போனை வைச்சிட்டு நான் அழுதன். ஏழு வருஷத்திலை முதல்தரம். அம்மா என்னை மன்னிச்சிட்டா எண்டு அழேல்லை. அந்த மன்றாட்டிலை என்ரை பேர் இல்லை. எனக்கு அது வடிவா விளங்கினது. ஆனால் அவ பொய்யிலையிருந்து வெளியிலை வந்திட்டா. இனி நான் மட்டும் உள்ளுக்கு இருக்க ஏலாது.

சோதினை புதன்கிழமை. அதே அறை, அதே கதிரை, அதே சோதினைகாரர். ஒலிப்பதிவு முடிஞ்சு, படத்தைப் பாத்துச் சொல்லுறது முடிஞ்சு, அந்தக் கேள்வி வந்தது. அவரும் ஒரு கணம் யோசிச்சவர்போலை இருந்தது. ரெண்டு தரம் கண்டவர்தானே. ஆனாலும் கேட்டார்.

“ஓம், கண்டிருக்கிறன்” எண்டு ஆங்கிலத்திலை சொன்னன். “அந்தப் பேச்சிலை ஒரு ஆள் நான்தான்.”

எல்லாத்தையும் சொன்னன். அப்பாவின்ரை போன், காத்து, அந்தப் பெடியன், படிவம், ஒப்பம். காலம் பிழைச்சுது, இடைச்சொல் விடுபட்டுது, ஓராவுக்கும் முருங்கைக்கும் ஆங்கிலம் தெரியாமல் சுத்தி வளைச்சுச் சொன்னன். நிக்கேல்லை. என்ரை குரல் எனக்கே ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டது. அவர் இடையிலை மறிக்கேல்லை. பேனையை மேசையிலை வைச்சிட்டார்.

நான் முடிச்ச பிறகு, விதிப்படி அவர் ஒரு கேள்வி கேக்க வேணும். கேட்டார். இப்ப எண்டால் அந்த இடத்தை எப்பிடிச் சொல்லுவீர் எண்டு.

“நைன், ஃபைவ், சீரோ” எண்டன். “செவன் நைன், ஃபோர், ஃபைவ். திருப்பிச் சொல்லுங்கோ.”

அவர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. மேசையைப் பாத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொன்னார். ஒண்டும் பிழைக்கேல்லை.

“சரி” எண்டன்.

அப்பாவின்ரை இடத்தை ஒரு மனிசன் சரியாக் கேட்டது அண்டைக்குத்தான். ஏழு வருஷம் பிந்தி.

முடிவு கிழமைக்குள்ளை வந்தது. ஆறிலும் நாலு. லைசென்ஸிலை அந்த வரி ஏறிச்சுது. வாழ்த்துச் சொல்ல வந்தவைக்கு நான் என்னத்தைச் சொல்ல? அப்பா செத்த கதையைச் சொல்லி நான் பாஸ் பண்ணினனான். அதுக்கு நாலு புள்ளி. அதுவும் மூண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், பேந்து திரும்பப் போய் அந்தக் கதிரையிலை இருக்க வேணும். மாமா பாரிசிலை கேக் வெட்டிப் படம் அனுப்பினார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தன். இந்தமுறை தூக்கினா. “பாஸ் அம்மா” எண்டன். “என்ன கேட்டவை?” எண்டா. சொன்னன். என்ன சொல்லிப் பாஸ் பண்ணினன் எண்டும் சொன்னன்.

“முழுக்கச் சொன்னனியோ?”

“ஓம்.”

“ஒப்பம் வைச்சதையும்?”

“ஓம் அம்மா.”

“சரி” எண்டுபோட்டு வைச்சிட்டா.

பேந்து ஒருநாள் ஒரு மூத்த விமானியோடை பலாலி விமான நிலையத்துக்குப் பறந்து வந்தன். றேடியோ முழுக்க நான்தான் கதைச்சனான். வானம் வெளிச்சிருந்தது. மண்கும்பான் கரையின்ரை வெள்ளை மணலும், தண்ணிக்குள்ளை நீட்டிக்கொண்டு கிடக்கிற குறிகட்டுவான் இறங்குதுறையும், எங்கடை ஊர்ப் பனையளும் தெரிஞ்சுது. வடமேற்கை பாத்தன். அப்பா கிடந்த இடம் கரையிலையிருந்து பத்துப் பதினொரு மைல்தான். மேலையிருந்து பாத்தால் ஒரே பார்வைக்குள்ளை ஊரும் அந்த இடமும் அடங்குது. அவ்வளவு கிட்ட. அதைக் காணாமலே இருந்திருக்கலாம் எண்டு நினைச்சன். தரையிலை இருந்து கூப்பிட்டினம். ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லி இறங்கினன்.

இப்ப லீவிலை வாற ஞாயிறுகளிலை, பூசை முடிய எங்கடை போட்டுக்காரச் சம்மாட்டிமாருக்கும் அவையின்ரை மனிசிமாருக்கும் பிள்ளையளுக்கும் இலக்கம் சொல்லக் குடுக்கிறன். தமிழிலை, ஆங்கிலத்திலை, சிங்களத்திலை. ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, கேக்கிற ஆளைத் திருப்பிச் சொல்ல வையுங்கோ, அவர் சரியாச் சொல்லாமல் போனை வையாதேங்கோ எண்டு. போன மாசிப் பனியிலை இஞ்சின் நிண்ட ஒரு போட்டை அப்பிடிச் சொன்ன இலக்கத்துக்கே போய்ப் பின்னேரத்துக்குள்ளை இழுத்துக்கொண்டு வந்தினம். அந்தப் போட்டுக்காரன்ரை மனிசி கரையிலை நிண்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னா. நானும் சொன்னன். மெய்யாத்தான் சொன்னன். ஆனால் வீட்டை வந்து, எங்களுக்கு ஏன் பிந்தினது எண்டும் அவரிட்டைக் கேட்டன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

அம்மா இப்ப என்னோடை கதைக்கிறா. சாப்பாடு, மழை, கோழி, எல்லாம் கதைப்பம். அந்தக் கதை மட்டும் எங்களுக்குள்ளை திரும்ப வரேல்லை. என்னை மன்னிச்சிட்டாவோ எண்டு நான் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளையளுக்காக மன்றாடுறா. ஒருநாள் அந்த வரிசையிலை என்ரை பேரும் வரும் எண்டு நம்பிக்கொண்டு பக்கத்திலை நிக்கிறன். பதில் சொல்லுறன். இப்ப வாய் வருது.

சகோதரங்களே, ஆண்டவரிட்டைப் போக நல்ல மனம் வேணும், அமைதி வேணும், விசுவாசம் வேணும் எண்டு ஆரும் சொன்னால் அதை நம்பிக்கொண்டு வீட்டிலை இருந்திடாதேங்கோ. நான் கோவத்தோடைதான் போனனான். மிரட்டித்தான் கேட்டனான். ஒரு சோதினை பாஸ் பண்ணுறதைக் கேட்டனான். அவர் எங்கடை வீட்டுக்குள்ளை ஏழு வருஷம் அழுகிக் கிடந்ததை வெளியிலை எடுத்துப்போட்டு, அதுக்குப் பிறகுதான் கேட்டதைத் தந்தவர். நோகாமல் தரேல்லை. அதுக்காகவும் அவருக்கு நன்றி சொல்லப் பழகிக்கொண்டு வாறன். சில நாள் ஏலுது. சில நாள் ஏலாது.

உங்களிலை ஆருக்கும் சொல்லாமல் வைச்சிருக்கிற ஒண்டு இருந்தால், அதைக் கழுவித் துடைச்சுக்கொண்டு போக வேண்டாம். கசக்கிறதை அப்பிடியே கொண்டு போங்கோ. அவர் அதை இனிப்பாக்கித் தருவார் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். ஆனால் அதை நீங்கள் தனிய விழுங்க விடமாட்டார். அதுக்கு நான் சாட்சி.